ரப்பர் வேண்டாம், ஒரு கோடு போதும்!



தப்பா எழுதிட்டா நாம என்ன பண்றோம்? எச்சில் தொட்டுத் தேய்ப்போம், ஒயிட்னர் பூசுவோம், இல்லேன்னா தாளையே கிழிச்சிடுவோம். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் இதைவிட நல்ல முறை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை நாமும் பழகணும் என்பது என் கருத்து.

பெரிய புரோகிராமை நூறு பேர்கூடச் சேர்ந்து எழுதுவார்கள். யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்று கணக்கு வைக்க ஒரு சாஃப்ட்வேர் உண்டு. அதன் பெயர் 'கிட்'. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் இதை எழுதினார். ஒவ்வொரு மாற்றமும் நோட்டில் ஒரு வரி மாதிரி இதில் பதிவாகும்.

வேண்டாத மாற்றத்தை நீக்க இதில் இரண்டு வழிகள் உண்டு. 'ரீசெட்' என்பது பழைய இடத்துக்கே திரும்பிப் போய், பின்னால் வந்த பதிவுகளை வரிசையிலிருந்தே விட்டுவிடுவது. 'ரிவர்ட்' என்பது தப்பான பதிவை அப்படியே வைத்துவிட்டு, அதற்கு நேர் எதிரான மாற்றத்தைப் புதுப் பதிவாகச் சேர்ப்பது. பத்து ரூபாய் தப்பா வரவு வெச்சிட்டா, அடுத்த வரியில் பத்து ரூபாய் கழித்து எழுதுற மாதிரி. நம்மிடம் மட்டும் இருக்கிற வேலைக்கு ரீசெட் போதும். மற்றவர்களுக்கு அனுப்பிய பிறகு ரிவர்ட்தான் சரி. ஏன்னா அவங்க கையில் பழைய பிரதி இருக்கும். நாம மட்டும் அழிச்சா இரண்டும் ஒத்துப்போகாது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனாலும் நின்றுபோன பல கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. எப்போ அனுப்பினோம், எங்கே தவறியது என்று பின்னால் அவர்களே வெளியிட்டார்கள். பதிவு இருந்ததால்தானே சொல்ல முடிந்தது?

நம்ம பக்கம் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனிகளில் வெல்டிங் ரோபோக்கள் புரோகிராமில்தான் ஓடுகின்றன. நைட் ஷிப்டில் ஒருத்தர் எதையோ மாத்திட்டு எழுதி வைக்காம போனா, காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குறவருக்கு எப்படித் தெரியும்?

"தப்பு பேரோட நின்னா அசிங்கமாச்சே" என்று சிலர் கேட்கலாம். பயம் இருக்கிற இடத்தில்தான் எல்லாரும் அழிப்பார்கள். பதிவு என்பது திட்டுவதற்கு இல்லை, திருத்துவதற்கு. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்தின் திருத்த வரலாற்றையும் யாரும் பார்க்கலாம். வருகைப் பதிவேட்டில் தப்பு வந்தால் ஆசிரியர்களும் ஒயிட்னர் பூசுவதில்லை. ஒரு கோடு அடித்துச் சுருக்கொப்பம் போடுகிறார்கள்.

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: நோட்டில் ஒரு கோடு அடித்துத் திருத்தினால் 'அழகாக இல்லை' என்று மார்க் குறைக்காதீர்கள். எங்கே தடுமாறினோம் என்று அந்தக் கோடுதான் உங்களுக்குக் காட்டும். தோழர் தோழிகளே, நீங்களும் தாளைக் கிழிக்காதீர்கள். பரீட்சைக்கு முன்னாடி புரட்டிப் பார்க்கும்போது, அதே இடத்தில் மறுபடி சறுக்காமல் அது காப்பாற்றும்.

தப்பைத் திருத்துவோம், தடயத்தை அழிக்க மாட்டோம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி