காசு கொடுத்து வழி கேட்க வேண்டுமா?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கார்களின் வரிசை நீண்டுவிடும். சுங்கை சிப்புட்டிலும் கூலிமிலும் இருக்கும் பெற்றோரைப் பார்க்கப் போகிறவர்கள், பிள்ளைகளைக் கேமரன் மலைக்கு அழைத்துச் செல்கிறவர்கள், கிழக்குக் கரைக்குப் புறப்படுகிறவர்கள் என எல்லாருக்கும் இன்று வழி சொல்வது கைப்பேசிதான். அதில் எந்தச் செயலியை வைத்துக்கொள்வது, அதற்குக் காசு கொடுக்க வேண்டுமா என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலான குடும்பங்கள் செயலிக்காக ஒரு சென்கூடச் செலவு செய்யத் தேவையில்லை. ஆனால் புறப்படுவதற்கு முந்தைய நாள், வீட்டில் வைஃபை இருக்கும்போதே அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்காதவர்கள் இருட்டிய பிறகு செம்பனைத் தோட்டத்துக்குள் காரை நிறுத்திவிட்டு லைன் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஜிபிஎஸ் வேறு, வரைபடம் வேறு

"லைன் இல்லையென்றால் ஜிபிஎஸ் வேலை செய்யாது" என்று பலர் சொல்வதைக் கேட்கலாம். இது பாதி உண்மைதான். ஜிபிஎஸ் என்பது பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் துணைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞை. அமெரிக்க அரசு இதை நடத்துகிறது. பயன்படுத்துபவரிடம் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்துவிட்டால், தான் எங்கே இருக்கிறோம் என்பதைக் கைப்பேசி கணக்கிட்டுக்கொள்ளும். இதற்கு சிம் அட்டையோ இணையத் தரவோ வேண்டியதில்லை.

இணையம் தேவைப்படுவது வரைபடத்துக்கு. நீலப் புள்ளி சரியான இடத்தில் நிற்கும். அதைச் சுற்றிச் சாலைகள் எதுவும் தெரியாமல் திரை வெறுமையாக இருக்கும். வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

லைன் இருக்கும்போது முதல் இருப்பிடத்தைக் கைப்பேசி விரைவாகக் கண்டுபிடித்துவிடும். லைன் இல்லாத இடத்தில் அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகவே செயலியை வீட்டு வாசலிலேயே திறந்து, வழியைத் தொடங்கிவிட்டுப் புறப்படுவது நல்லது.

பிள்ளைகளின் டேப்லெட்டை வழிகாட்டியாகப் பயன்படுத்தலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிம் அட்டை போட வசதியில்லாத, வைஃபை மட்டும் உள்ள ஐபேட்களில் ஜிபிஎஸ் வாங்கி கிடையாது. திரை பெரிதாக இருந்தாலும் நெடுஞ்சாலையில் அது வழி காட்டாது.

லைன் எங்கே போகும்?

ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பெரும்பாலும் லைன் கிடைக்கும். சிக்கல் அதை விட்டு விலகும்போதுதான் தொடங்குகிறது. கிரிக்கிலிருந்து தெமெங்கோர் ஏரியைக் கடந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை நூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் செல்கிறது. யானைகள் குறுக்கிடும் சாலை அது. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாகக் குவா மூசாங் செல்லும் மலைச்சாலை, தோட்டங்களின் உட்புறச் சாலைகள் ஆகியவற்றிலும் லைன் விட்டு விட்டு வரும். நீங்கள் போகும் வழியில் இப்படி ஒரு பகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செயலியைத் தேர்ந்தெடுக்க அதுவே முதல் அளவுகோல்.

இலவசமாகக் கிடைப்பவை

வேஸ்: 2013இல் கூகல் வாங்கிய செயலி. நெரிசல், விபத்து, வேகக் கண்காணிப்புக் கேமரா, சாலைக் குழி ஆகியவற்றை ஓட்டுநர்களே உடனுக்குடன் தெரிவிப்பார்கள். பெருநாள் நெரிசலில் இது பெரிய உதவி. இணையத் தரவு அதிகம் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குச் சில மெகாபைட்டுகளே செலவாகும். குறை என்னவென்றால், முழு வரைபடத்தையும் இறக்கி வைக்க இதில் வழியில்லை. லைன் உள்ள இடத்தில் தொடங்கிய பயணம் லைன் போன பிறகும் தொடரும். ஆனால் வழி தவறிவிட்டால் அல்லது புதிய இடத்தைத் தேட வேண்டுமானால் கை விரித்துவிடும்.

கூகல் மேப்ஸ்: மேலே இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, 'ஆஃப்லைன் மேப்ஸ்' பகுதிக்குப் போய், வேண்டிய பகுதியைக் கட்டமிட்டு இறக்கிக்கொள்ளலாம். இறக்கிய பகுதிக்குள் லைன் இல்லாமலும் கார் வழி சொல்லும். அப்போது நெரிசல் நிலவரமும் மாற்று வழிகளும் தெரியாது. நடைவழி, பேருந்து, ரயில் விவரங்களும் வராது. இறக்கிய வரைபடத்துக்குக் காலக்கெடு உண்டு. போன ஆண்டு இறக்கியதை நம்பிப் புறப்படாமல் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

ஹியர் வீகோ: ஒரு காலத்தில் நோக்கியாவிடம் இருந்த வரைபடப் பிரிவு. 2015இல் ஆவ்டி, பிஎம்டபிள்யூ, டைம்லர் ஆகிய கார் நிறுவனங்கள் அதை வாங்கின. நாட்டு வரைபடத்தை இறக்கி, குரல் வழிகாட்டலோடு லைன் இல்லாமலே பயன்படுத்தலாம்.

ஆர்கானிக் மேப்ஸ்: 2004இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற தன்னார்வலர் வரைபடத்தைக் கொண்டது. விளம்பரம் கிடையாது. எல்லாமே கைப்பேசிக்குள் இருப்பதால் லைன் இல்லாத காட்டுச் சாலைக்கு ஏற்றது. ஆனால் நம் தாமான்களின் வீட்டு எண்களையும் சிறு கடைகளையும் இதில் தேடினால் பல நேரங்களில் கிடைக்காது.

ஒன்றை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பெருநாள் நெரிசலுக்கு வேஸ், லைன் போகும் பகுதிக்கு இறக்கி வைத்த வரைபடம் உள்ள ஒரு செயலி என இரண்டு இருந்தால் போதும்.

காசு கேட்பவை

சைஜிக் போன்ற சில செயலிகள் ஆண்டுச் சந்தாவுக்கு நல்ல வசதிகள் தருகின்றன. லோரி ஓட்டுபவருக்கு வாகனத்தின் உயரம், எடை பார்த்து வழி சொல்லும் வசதி உண்மையிலேயே பயன்படும். அவருக்கு அது தொழில் செலவு. ஆண்டில் இரண்டு முறை ஊருக்குப் போய் வருபவருக்கு அது வீண் செலவு.

'ஏழு நாள் இலவசம்' என்று தொடங்கும் சந்தாவில் கவனம் தேவை. இலவச நாள்கள் முடிந்ததும் உங்கள் அட்டையிலிருந்தோ கைப்பேசிக் கட்டணத்திலிருந்தோ பணம் தானாகக் கழியும். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நிற்காது. பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்தால்தான் நிற்கும். அம்மா அப்பாவின் கைப்பேசியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

'ஜிபிஎஸ்', 'நேவிகேஷன்' என்று பெயர் வைத்துக்கொண்டு வரும் அறிமுகமில்லாத செயலிகள் இன்னொரு வகை. 2019 ஜனவரியில் ஈசெட் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் லூகாஸ் ஸ்டெஃபாங்கோ பிளே ஸ்டோரில் இப்படிப்பட்ட 19 செயலிகளைச் சோதித்தார். மொத்தம் 5 கோடி முறைக்கு மேல் இறக்கப்பட்டிருந்த அவை, கூகல் மேப்ஸையே திறந்து காட்டி இடையில் விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தன. விளம்பரத்தை நீக்கக் காசு கேட்டவையும் அவற்றில் இருந்தன. இலவசமாக இருப்பதற்கே காசு!

தோட்டத்து வீட்டைத் தேடும்போது

நம் மக்களுக்கு உள்ள தனிச் சிக்கல் முகவரி. பல தோட்டங்களுக்கு நம்மிடையே ஒரு பெயர் வழங்கும். பெயர்ப் பலகையில் வேறொன்று இருக்கும். லயத்து வீடுகளுக்கும் தோட்டத்துக் கோயில்களுக்கும் சாலைப் பெயரே இருக்காது. ஒரே பெயரில் தாமான்கள் பல ஊர்களில் உண்டு. பெயரைத் தட்டிவிட்டு முதலில் வரும் விடையைத் தொட்டால் வேறு மாநிலத்துக்கே வழி காட்டக்கூடும். ஊரும் மாநிலமும் சரியா என்று பார்த்த பிறகே புறப்படுங்கள்.

உறவினர் வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப்பில் 'லொக்கேஷன்' அனுப்பச் சொல்வதே நல்ல வழி. அது வந்ததும், லைன் இருக்கும்போதே வரைபடத்தில் திறந்து, 'மாமா வீடு' என்று பெயரிட்டுச் சேமியுங்கள். அதோடு அந்த இடத்தின் இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தீபகற்ப மலேசியாவில் முதல் எண் 1க்கும் 7க்கும் இடையிலும், இரண்டாவது 99க்கும் 105க்கும் இடையிலும் இருக்க வேண்டும். இந்த எண்களை எந்தச் செயலியில் தட்டினாலும் அதே வீட்டுக்கு வழி காட்டும்.

கேதச் செய்தி வந்து நள்ளிரவில் புறப்படும்போது இதையெல்லாம் செய்ய யாருக்கும் மனம் இருக்காது. வயதான பெற்றோர், பாட்டி, பெரியப்பா ஆகியோரின் வீடுகளை ஓர் ஓய்வு நாளில் இப்போதே சேமித்து வைத்துவிட்டால் அன்று அந்தக் கவலை மிச்சம்.

அடுத்து அமைப்புகளைப் பாருங்கள். குறுக்குவழி என்று நினைத்துச் செயலி உங்களைச் செம்மண் பாதைக்குள் தள்ளிவிடலாம். மழை பெய்தால் சிறிய கார் அங்கே சிக்கிக்கொள்ளும். இரவில் தோட்டத்துக் கேட்டும் பூட்டியிருக்கலாம். 'தார் போடாத சாலையைத் தவிர்' என்ற தேர்வை இயக்கி வையுங்கள். 'டோல் தவிர்' என்று முன்பு எப்போதோ போட்டது அப்படியே இருக்கிறதா, வாகன வகை மோட்டார் சைக்கிள் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஹட்யாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் அந்த நாட்டு வரைபடத்தையும் இறக்கிக்கொண்டு, தரவு ரோமிங்கை அணைத்து வையுங்கள். எல்லைக்கு அருகில் இருக்கும்போதே கைப்பேசி அடுத்த நாட்டு அலைவரிசைக்குத் தாவக்கூடும். எல்லை தாண்டாமலே ரோமிங் கட்டணம் விழ அது போதும்.

செலவு செய்ய வேண்டிய இடம்

செயலியில் மிச்சமாகும் பணத்தில் ஓர் உறுதியான கைப்பேசித் தாங்கியும், 2 ஆம்பியருக்குக் குறையாத கார் சார்ஜரும் வாங்குங்கள். திரையும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து இயங்கும்போது மலிவான சார்ஜரால் ஈடுகொடுக்க முடியாமல், சார்ஜரில் செருகியிருந்தும் மின்கலம் இறங்கிக்கொண்டே போகும். கண்ணாடிக்குக் கீழே நேர் வெயிலில் கைப்பேசியை வைத்தால் சூடேறித் தானாக நின்றுவிடும். குளிர்காற்று வரும் இடத்தில் தாங்கியைப் பொருத்துவது நல்லது.

கைப்பேசியைக் கையில் பிடித்தபடி கார் ஓட்டுவது நம் நாட்டில் சாலைப் போக்குவரத்துக் குற்றம். வழியை மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். தனியாகப் போகிறவர் ஓய்விடத்தில் நிறுத்திப் பார்க்கட்டும்.

ஒரே ஒரு சோதனை

எல்லாம் முடிந்ததும் கைப்பேசியை 'ஏர்பிளேன் மோட்'டில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். கூரைக்குக் கீழே நிற்காமல் வானம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். செயலியைத் திறந்து போக வேண்டிய இடத்தைத் தேடுங்கள். நீலப் புள்ளி உங்கள் வீட்டில் நின்று, போகும் வழியும் வந்துவிட்டால் கிரிக் காட்டிலும் அது வேலை செய்யும். வரவில்லையென்றால் குறை எது என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். சரிசெய்ய நேரம் இருக்கிறது.

கடைசியாக, வழியில் வரும் ஊர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதிக் காரில் வையுங்கள். கேமரன் மலைக்கு என்றால் தாப்பா, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங். கைப்பேசி கீழே விழுந்து உடைந்தாலும் சாலைப் பலகையையும் தாளையும் பார்த்தே போய்ச் சேரலாம். நெடுஞ்சாலையில் ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர் எண்ணை அவ்வப்போது படிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். கார் பழுதாகி உதவிக்கு அழைக்கும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி 'எந்தக் கிலோமீட்டரில் நிற்கிறீர்கள்?' என்பதுதான்.