கடைத் தம்பியின் கைபேசியில் எங்கள் கடதாசிகள்

முல்லைத்தீவு மாவட்ட அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

மல்லாவியில் இருந்து எழுதுகிறேன். போன மாதம் காணி அனுமதிப்பத்திரத்தை வீட்டிலிருந்தே வட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பிவிட்டு, பிரிண்ட் எடுக்கப் போனேன். "எந்த நம்பர் அக்கா?" என்று கேட்டபடி தம்பி திரையை விரலால் தள்ளினான். ஆரோ ஒருவரின் வங்கிப் புத்தகம் போனது. ஒரு பிள்ளையின் இரத்தப் பரிசோதனை போனது. அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் போயின. அடுத்து, காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி ஒரு தாய் எழுதிய கடிதம். அதற்கும் கீழேதான் என்னுடையது கிடந்தது.

தம்பியில் பிழை சொல்லமாட்டேன். அவன் கடை இல்லாவிட்டால் மாங்குளம் போய், ஒட்டுசுட்டான் தாண்டி, முல்லைத்தீவு போய்ச்சேர பஸ்ஸில் அரை நாள் போகும். ஆனால் 2009இல் போருக்குள்ளிருந்து ஒரு ஷொப்பிங் பையில் கடதாசிகளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்த சனம் நாங்கள். பை தவறிப்போனவர்கள் தங்கள் பெயரையே நிரூபிக்க எத்தனை வாசல் ஏறினார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

தூரத்தில் இருக்கிற பதிவைப் பக்கத்தில் அச்சிடுவது அரசாங்கத்துக்குப் புதிதல்ல. கணினியில் ஏறிய பிறப்பு, விவாக, இறப்புப் பதிவென்றால், எங்கே பதிந்திருந்தாலும் வேறொரு பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். அதே வசதியை எங்கள் சொந்தக் கடதாசிகளுக்கும் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பிரதேச சபை நூலகங்களில் நூலகத்துக்கு ஒரு அச்சுப்பொறி, உங்கள் கச்சேரியில் ஒரு சேர்வர், அவ்வளவுதான். நான் அனுப்பும் கோப்பு சேர்வரில் காத்திருக்கும். நூலகத்துக்குப் போய் எனக்கு வந்த எண்ணை அழுத்தினால்தான் தாள் வெளியே வரும், வந்த கையோடு கோப்பு அழியும். நான் போகாவிட்டால் இரண்டு நாளில் தானாக அழியும். இணையம் வழியாக அச்சிடும் முறை 1999இலேயே எழுதப்பட்டுவிட்டது. இன்றைய அச்சுப்பொறிகள் பெரும்பாலும் அதை அறியும். ஒன்றே ஒன்று: அச்சுப்பொறியை நேரே இணையத்தில் திறந்துவிடக் கூடாது. அதன் 631ஆம் போர்ட் என்ற வாசல் திறந்து கிடந்தால், எங்கோ இருக்கிற ஒருவன் தாள் முடியும்வரை அடித்துத் தள்ளுவான். இலவசம் என்று வெளிநாட்டு நிறுவனமொன்றை நம்பவும் வேண்டாம். கூகிளின் கிளவுட் பிரிண்ட் 2020 டிசம்பர் 31உடன் நின்றுபோனது.

கோப்பை பீடிஎஃப் ஆகவே கேளுங்கள். எங்கள் சங்கத்தின் கடிதத்தைப் பாமினி எழுத்துருவில் அனுப்பி, பாமினி இல்லாத கணினியில் திறந்தபோது, தலைவரின் பெயர் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. அவர் இன்னும் எங்களோடு சரியாகக் கதைப்பதில்லை.

சும்மா கேட்கவில்லை, கடை விலையே வாங்குங்கள். கடையை மூடச் சொல்லவும் இல்லை. விரும்பினால் அந்த எண் அழுத்தும் ஏற்பாட்டைத் தம்பிக்கும் கொடுக்கலாம். அவன் கைபேசியும் காலியாகும். தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது எங்கள் ஊர்க் கடைவரை வந்துசேர வழி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆறு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் ஒரே நாளில் வேண்டாம். கச்சேரிக்குத் தொலைவான துணுக்காயிலும் மாந்தை கிழக்கிலும் தொடங்குங்கள். அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுத்தால் போதும்.

இந்த மடலையும் அதே கடையில்தான் அச்சடித்தேன். உங்களுக்கு முதல் தம்பி வாசித்துவிட்டான். ஒரு எழுத்துப்பிழையும் காட்டினான்.

இப்படிக்கு,
மல்லாவி வாசி ஒருத்தி