சாவுக்குச் சேர்க்கும் காசில் உயிருக்கும் ஒரு பங்கு

நிலத்தை இழந்த உழவனுக்கு வண்டியே வயலாகிவிடுகிறது. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய தெல்தெனிய நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீருக்கடியில் போயின. அவ்வாறு மண்ணை இழந்தவர்களின் பிள்ளைகளும், போராலும் மண்சரிவாலும் இடம்பெயர்ந்து கண்டிப் பக்கம் வந்தவர்களும் பலர் இன்று பழைய வேனோ சிறு லொறியோ ஓட்டிப் பிழைக்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர நமக்கு வழியில்லை. கராஜுக்குக் கொடுக்கக் காசில்லாதபோது வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் நுழைகிறோம்.

இது வறுமையின் கட்டாயம். ஆனால் வறியவனின் உயிர் மலிவானது என்று நாமே ஒப்புக்கொள்ளலாகாது.

ஜாக்கி, தூக்குவதற்கான கருவி, தாங்கி நிற்பதற்கானதன்று. எண்ணெய் ஜாக்கியில் அத்தனை பாரத்தையும் உள்ளே இருக்கும் சிறு ரப்பர் வளையங்களே அடைத்து நிறுத்துகின்றன. அவை தேய்ந்தால் வண்டி இறங்கிவிடும். திருகு ஜாக்கியின் பாதம் சிறியது. வண்டி சற்று அசைந்தாலும் சரியும். நமக்குக் கிடைத்த காணிகளோ பெரும்பாலும் சரிவானவை. மழையில் மண்ணும் இளகும். ஹேண்ட் பிரேக்கை நம்புவோரும் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்புறத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடியால் பயனில்லை.

ஆகவே சமதரையான, இறுகிய இடத்தைத் தேடுங்கள். நிலத்தில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மண் தரையானால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை இடுங்கள். தூக்கியதும், வண்டியின் பாரத்துக்கு ஏற்ற இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டை சேஸியின் உறுதியான பாகத்தின் கீழ் நிறுத்தி, பாரத்தை அவற்றின் மேல் இறக்குங்கள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் வேண்டவே வேண்டாம். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கடியில் படுக்க வையுங்கள். நுழையுமுன் வண்டியைக் கையால் அசைத்துப் பாருங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

“ஸ்டாண்ட் வாங்கப் பணம் ஏது, பாதர்?” என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு குடும்பத்துக்கு அது பாரம். ஊருக்கு அது பாரமன்று. நம் குடியிருப்புகளில் மரண உதவிச் சங்கங்கள் இருக்கின்றன. பெட்டிக்கும் பந்தலுக்கும் மாதந்தோறும் காசு சேர்க்கிறோம். அதே சங்கம் ஒரு சோடி ஸ்டாண்டும் நான்கு மரக்கட்டைகளும் வாங்கிப் பொதுவில் வைத்தால் என்ன? சமமான ஓரிடத்தில் கொங்கிரீட் இட்டு ஊருக்கெல்லாம் வேலைத்தளமாக்கினால் என்ன? ஒருநாள் சிரமதானம் போதுமே.

புது வீடு கட்டுகிறவன் எவரும் விழுந்து சாகாதபடி மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. விபத்தை முன்கூட்டியே தடுப்பதும் இறைவனுக்குச் செய்யும் கடமை என்பதே அதன் பொருள். கடவுள் காப்பார் என்று சொல்லி ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பது விசுவாசமாகாது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். இறந்தவனை மரியாதையாக அடக்கம் செய்யத் தெரிந்த ஊர், உயிரோடிருப்பவனைக் காக்கவும் அறிந்திருக்கட்டும்.