எவை ஆவணங்கள்?

பிரதேச வரலாறு எழுதப்படவேண்டும் என்பதில் இன்று எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. விழா மேடைகளில் அதனை வற்புறுத்தாத அறிஞரும் இலர். ஆயின், அவ்வரலாற்றுக்கு வேண்டிய மூலங்களைப் பல்கலைக்கழகச் சுவடிக்கூடங்கள் எவ்வாறு தெரிகின்றன என்பதை எவரும் கேட்பதில்லை. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு, ஆங்கிலேய அரசாங்க அதிபரின் நாட்குறிப்பு, ஏட்டுச்சுவடி ஆகியன அங்கு ஆவணங்கள். கோயிற் கணக்குக் கொப்பியும், சனசமூக நிலையத்தின் கூட்டக் குறிப்பும், தேர்தற் துண்டுப்பிரசுரமும் குப்பை.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் சிறுநூலைக் 'கல்வெட்டு' என்கிறோம். (கல்லில் வெட்டியதை மட்டுமே கல்வெட்டென அறிந்தோர் மன்னிக்க.) அதில் வம்சாவளி உண்டு, எவ்வூரிற் பெண் கொண்டார், மலாயாவுக்கு எப்போது போனார் என்பன உண்டு. அத்தகைய நூல்களின் கட்டொன்றை ஒரு சுவடிக்கூடத்திற்குக் கொண்டுசென்றேன். 'மிகைப்படப் புகழ்வன, நம்பத்தகாதன' எனக் கூறித் திருப்பித் தந்தனர். இறந்தாரைப் புகழ்தல் எம் வழக்கமே, மறுப்பதற்கில்லை. ஆனால் தோம்பு மட்டும் சத்திய வாக்கோ? வரிக்கும் ஊழியத்துக்குமென எழுதப்பட்ட பதிவிலே, வரிக்கு அஞ்சியவன் தன் காணியைக் குறைத்துச் சொல்லியிருக்க மாட்டானா? மூலத்தின் சார்பை அறிந்து பயன்படுத்துவது வரலாற்று மாணவனின் வேலை. அதனை அழியாது வைத்திருப்பதே காப்பாளரின் வேலை.

மலையகத்தை நோக்கின், இது வெறும் ஆய்வுப் பிரச்சினையன்று என்பது புலனாகும். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானவரிடம் 7 ஆண்டும் மணமாகாதவரிடம் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமைக்குச் சான்று கேட்டது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. தொழிலாளி உழைத்த ஒவ்வொரு நாளும் செக்றோலிற் பதிவாகியிருந்தது. ஆனால் அச்செக்றோல் அவனுடைய தகரப்பெட்டியில் இருக்கவில்லை; துரையின் கந்தோரில் இருந்தது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. கைமாறிய ஒவ்வொரு வேளையிலும் அப்பழங் கொப்பிகள் என்னவாயின என்று எந்தப் பல்கலைக்கழகம் விசாரித்தது? ஒரு மக்கட்கூட்டத்தின் குடியுரிமை வழக்கிற்கே சாட்சியாயிருந்த தாள்களை விடப் பெறுமதி வாய்ந்த 'ஆவணம்' யாதென்று அறிய விரும்புகிறேன்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவற்றுக்காக ஆண்டுதோறும் கண்ணீர் வடிக்கிறோம், அது நியாயமே. தீ வைப்பாரின்றியே பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போவனவற்றுக்கோ அழுவாரில்லை.

இடமில்லை, ஆளில்லை என்பர். 2005இல் ஆரம்பமான 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்து வருகிறது. தன்னார்வலர் தொடங்கிய அம்முயற்சி, சம்பளமும் கட்டடமும் உடைய பல்கலைக்கழகத்துக்கு இயலாததா?

நான் கொண்டுசென்ற கட்டு விடுதியில் என் கட்டிலின் கீழ் இருக்கிறது. மாரிமழைக்கு முன் யாரேனும் ஓர் அலுமாரித் தட்டை ஒதுக்கித் தருவாராயின், மீண்டும் சுமந்துவரச் சித்தமாயுள்ளேன்.