கவுன்சிலர் இல்லாத ஐந்து ஆண்டுகள்

பெங்களூர் மாநகராட்சியின் கடைசி மன்றம் 2020-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி பதவிக்காலம் முடிந்து கலைந்தது. 198 வார்டுகளின் உறுப்பினர்களும் வீட்டுக்குப் போனார்கள். அதன் பிறகு ஐந்து ஆண்டு கழித்து, 2025-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி, அந்த மாநகராட்சியே மறைந்து அதன் இடத்தில் ஐந்து மாநகராட்சிகள் பிறந்தன. மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று பெயர்ப் பலகைகள் எழுதப்பட்டன. ஐந்து கமிஷனர்கள் வந்தார்கள். ஆனால் பிறந்த அன்று அந்த ஐந்திலும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

ஒரு மன்றத்தின் ஆயுளே ஐந்து ஆண்டுதான். அந்த ஒரு முழு ஆயுளும் மன்றமே இல்லாமல் கழிந்துவிட்டது. நாட்டின் பெரிய நகரங்களில் ஒன்றில் இப்படி நடந்திருக்கிறது என்பதைவிட, இது நடந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அதிகக் கவலை தருகிறது.

அந்த ஐந்து ஆண்டுகளில் நகரம் சும்மா இருக்கவில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கைக்கும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டருக்கும் ஜனங்கள் இரவெல்லாம் அலைந்தார்கள். தெருவுக்குத் தெரிந்த ஒருவர், வீடு தெரிந்த ஒருவர், அதிகாரியிடம் உரிமையோடு பேசக்கூடிய ஒருவர் தேவைப்பட்ட நேரம் அது. அப்போது எந்த வார்டிலும் அப்படிப் பொறுப்புள்ள உறுப்பினர் பதவியில் இல்லை. 2022 செப்டம்பரில் மழை கொட்டி, மகாதேவபுரம், பெல்லந்தூர் பக்கத்துத் தெருக்களில் படகும் டிராக்டரும் ஓடின. ராஜகாலுவை என்ற பெரிய மழைநீர்க் கால்வாய்களை யார் அடைத்தார்கள், யார் அடைக்க விட்டார்கள் என்று சட்டசபையிலும் கோர்ட்டிலும் பேசப்பட்டது. அதைப் பேசவேண்டிய முதல் இடமான மாநகராட்சி மன்றம் பூட்டிக் கிடந்தது.

வரவு செலவுத் திட்டத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 2025-26-ம் ஆண்டுக்கு மாநகராட்சி போட்ட திட்டம் 19,927 கோடி ரூபாய். இந்தப் பணத்தில் ஒரு ரூபாயை இங்கே செலவு செய், அங்கே செலவு செய்யாதே என்று சொல்ல மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை. அதிகாரிகளே எழுதினார்கள், அதிகாரிகளே படித்தார்கள், அதிகாரியான நிர்வாகியே ஒப்புக்கொண்டார். அதற்கு முன் 2022-ல் வரவு செலவுத் திட்டம் மார்ச் 31-ந் தேதி நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் சத்தமில்லாமல் வெளியிடப்பட்டது. வீட்டு வரி கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதெல்லாம் பாடப் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

தேர்தல் ஏன் நடக்கவில்லை? காரணம் கேட்டால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரும். பழைய 198 வார்டுகளுக்கே ஆறு வாரத்தில் தேர்தல் நடத்த நடவடிக்கை எடுக்கும்படி கர்நாடக ஐகோர்ட்டு 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அதே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அதற்குத் தடை கொடுத்தது. இடையில் மாநகராட்சிக்குத் தனிச் சட்டம் வந்தது. வார்டுகள் 243 என்றார்கள். ஆட்சி மாறியது; 2023-ல் 225 என்றார்கள். பிறகு மாநகராட்சியே ஐந்தாகும் என்றார்கள். வார்டுகள் 369 ஆயின. எல்லைக் கோட்டை அழித்து அழித்து வரைவதிலும், எந்த வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்று பட்டியல் போடுவதிலும், அதன் மேல் வழக்குப் போடுவதிலும் வருடங்கள் ஓடின. இதில் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அந்த ஐந்து ஆண்டுகளில் வெவ்வேறு கட்சிகள் விதான சவுதாவில் அமர்ந்தன. நாற்காலி மாறியபோதும் மனசு மாறவில்லை.

இது முதல் தடவையும் அல்ல. 2006-ல் மன்றம் முடிந்தது. 2007-ல் ஏழு நகரசபைகளையும், கெங்கேரி பட்டண சபையையும், 110 கிராமங்களையும் சேர்த்துப் பெரிய மாநகராட்சி ஆக்கினார்கள். தேர்தல் 2010 மார்ச்சில்தான் வந்தது. சேர்க்கப்பட்ட கிராமத்து ஜனங்களுக்கு இருந்த பஞ்சாயத்தும் போயிற்று, புதிய உறுப்பினரும் வரவில்லை. அந்த 110 கிராமங்களுக்கென்று போடப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2024 அக்டோபரில். நகரத்தோடு சேர்ந்தவர்கள் நகரத்துத் தண்ணீருக்குப் பதினேழு ஆண்டு காத்திருந்தார்கள். மன்றம் தொடர்ந்து இருந்திருந்தால் குழாய் நாளைக்கே வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மாதம் ஒரு முறையாவது அதைக் கேட்டுச் சத்தம் போட ஓர் இடம் இருந்திருக்கும்.

அரசியல் சட்டம் இந்த விஷயத்தில் மழுப்பவில்லை. 1993 ஜூன் 1-ந் தேதி அமலுக்கு வந்த 74-வது திருத்தம், ஒரு நகரசபையின் ஐந்தாண்டு முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. இடையில் கலைத்தால்கூட ஆறு மாதத்துக்குள் நடத்தியாக வேண்டும். வார்டு எல்லை தயாராகவில்லை என்றால் தள்ளிப்போடலாம் என்று அதில் எந்த வரியும் இல்லை. சட்டசபைத் தேர்தலை இப்படி ஒரு மாதம் தள்ளிவைத்தால் நாடே கொந்தளிக்கும். எம்.எல்.ஏ.வின் நாற்காலிக்கு ஒரு நியாயம், கவுன்சிலரின் நாற்காலிக்கு இன்னொரு நியாயமா?

கர்நாடகத்துக்கு இதில் தனிக் கடமை ஒன்று உண்டு. உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுப்பது எப்படி என்று மற்ற மாநிலங்களுக்குக் காட்டிய மாநிலம் இது. ராமகிருஷ்ண ஹெக்டே முதல்-மந்திரியாக இருந்தபோது, 1983-ல் ஜில்லா பரிஷத், மண்டல் பஞ்சாயத்துச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1987-ல் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு நூற்றுக்கு 25 இடம் அப்போதே ஒதுக்கப்பட்டது. டெல்லி அதை நினைப்பதற்கு முன்பே. அந்தச் சட்டத்துக்கு உயிராக இருந்தவர் மந்திரி அப்துல் நஜீர் சாப். ஊர் ஊராகக் குடிதண்ணீர்க் குழாய்க் கிணறு போட்டதால் ஜனங்கள் அவரை ‘நீர் சாப்’ என்றே அழைத்தார்கள். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பீஜப்பூர் கிராமத்துக் கிணற்றுக்கு உத்தரவு போடக்கூடாது என்பது அவர் கொள்கை. அந்த மாநிலத்தில்தான் 2021-ல் பதவிக்காலம் முடிந்த ஜில்லா பஞ்சாயத்து, தாலுகா பஞ்சாயத்துகளுக்கும் தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடப்பட்டது. நஜீர் சாப்பின் படத்துக்கு மாலை போடுகிறவர்களுக்கு இது உறுத்தவேண்டும்.

தமிழகத்தைப் பார் என்று சொல்லவும் வழியில்லை. 1973-ல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக்கு மறு தேர்தல் நடந்தது 1996-ல். இருபத்து மூன்று ஆண்டுகள்! ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்தது. மறுபடியும் 2016-ல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் வந்தது. ஆக, இது ஒரு மாநிலத்து நோய் அல்ல. மேலே இருப்பவர்களுக்குக் கீழே ஒருவர் இருப்பது பிடிப்பதில்லை. தொகுதியில் எம்.எல்.ஏ. வைத்ததே சட்டமாக இருப்பதற்குக் கவுன்சிலர் ஓர் இடைஞ்சல்.

“கவுன்சிலர்கள் மட்டும் யோக்கியர்களா? காண்டிராக்டர்களோடு சேர்ந்து சாப்பிட்டவர்கள்தானே” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. போடாத ரோட்டுக்குப் பில் வந்ததும், தூர்வாராத மோரிக்குப் பணம் போனதும் இந்த நகரம் பார்க்காததல்ல. ஆனால் அவர்கள் இல்லாத ஐந்து ஆண்டில் ரோட்டுக் குழிகள் மூடிவிட்டனவா? குப்பை காண்டிராக்டில் புகார் நின்றுவிட்டதா? தப்புச் செய்த கவுன்சிலரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். காலையில் டீக்கடையில் நிறுத்தி நாலு பேர் முன்னால் கேட்கலாம். அதிகாரியை எங்கே நிறுத்திக் கேட்பது? அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் அதோடு கணக்கு முடிந்தது.

பங்களா வீட்டுக்காரருக்குக் கவுன்சிலர் இல்லாதது பெரிய நஷ்டமில்லை. அவருக்குத் தெரிந்த அதிகாரி இருப்பார். அல்லது தண்ணீர் லாரிக்குப் பணம் இருக்கும். நஷ்டம் அல்சூர் சந்துகளிலும், ஸ்ரீராமபுரத்திலும், மர்பி டவுனிலும், விவேக் நகரிலும் இருப்பவர்களுக்குத்தான். இங்கே தமிழ்க் குடும்பங்கள் இன்று நேற்று வந்தவை அல்ல. 1809-ல் தண்டு ஏற்பட்ட நாளிலிருந்து பட்டாளத்தோடும், கடை கண்ணியோடும், கட்டட வேலையோடும் வந்து தங்கியவர்களின் வாரிசுகள் பலர். தண்டுக்கும் பேட்டைக்கும் 1862-லேயே தனித்தனி நகரசபைகள் ஏற்பட்டு, 1949-ல் இரண்டும் ஒரே கார்ப்பரேஷன் ஆயின. அந்தப் பழைய தண்டிலும் இப்போது சிவாஜி நகர் மத்திய மாநகராட்சியிலும், அடுத்த தெருவாக இருக்கும் பிரேசர் டவுன் வடக்கு மாநகராட்சியிலும் போய்விட்டன.

சந்தில் மோரி பொங்கினால் யாரிடம் போவது? சாக்கடைக் குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அந்த வாரியம் 1964-ல் ஏற்பட்டதிலிருந்து மாநில அரசின் கையில். மழைநீர் மோரி மாநகராட்சியுடையது. மேலே தொங்கும் கம்பி மின்சாரக் கம்பெனியுடையது. மனை வளர்ச்சி ஆணையத்துடையது. ஒருவர் தோண்டிவிட்டுப் போவார், இன்னொருவர் மூடமாட்டார். இந்த இலாகாக்களின் வாசலில் எல்லாம் ஏறி இறங்க, நாள்கூலிக்குப் போகும் மனிதனால் முடியுமா? ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. அதோடு மனு கன்னடத்தில் எழுத வேண்டும். வீட்டில் தமிழ் பேசி, கடையில் கன்னடம் பேசி, எழுதத் தெரியாமல் நிற்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். வாசலில் உள்ள தரகர் ஒரு தாளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார். அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் கவுன்சிலர் இருந்தால் தாளே வேண்டாம். வாயால் சொன்னால் போதும். அவர் கன்னடம் பேசுபவரா, தமிழ் பேசுபவரா, தெலுங்கு பேசுபவரா என்பது பெரிய விஷயமில்லை. மோரிக்குப் பாஷை கிடையாது.

ஐந்து மாநகராட்சிகள் வந்ததால் ஆபீஸ் கிட்டே வந்திருக்கிறது என்பதும், மேயரின் பதவிக்காலம் ஒரு வருடத்திலிருந்து முப்பது மாதம் ஆகியிருக்கிறது என்பதும் வரவேற்கத்தக்கவை. ஒரு வருட மேயர் மாலையைக் கழற்றி வைப்பதற்குள் வருடம் முடிந்துவிடும். ஆனால் ஐந்துக்கும் மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம் என்று ஒன்று, முதல்-மந்திரியைத் தலைவராகக் கொண்டு அமைந்திருக்கிறது. பெரிய வேலைகளும் பெரிய பணமும் அங்கே தங்கிவிட்டால், ஐந்து மேயர்களும் திறப்பு விழாவில் கத்தரிக்கோல் பிடிக்கத்தான் பயன்படுவார்கள்.

இனிமேலாவது இந்த நாற்காலிகள் காலியாகக் கிடக்க அனுமதிக்கக்கூடாது. வார்டு எல்லை வரையும் வேலையை மாநில அரசிடமிருந்து எடுத்து மாநிலத் தேர்தல் கமிஷனிடமே கொடுத்துவிட வேண்டும். ஆட்டக்காரனே கோடு கிழித்துக்கொண்டிருந்தால் ஆட்டம் தொடங்காது. மன்றம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே வார்டுகளும் ஒதுக்கீடும் முடிவாக வேண்டும். முடியாவிட்டால் பழைய வார்டுகளிலேயே தேர்தல் நடத்துவது என்று சட்டத்தில் எழுதிவிட்டால் தள்ளிப்போடுவதில் யாருக்கும் லாபமிருக்காது. வார்டு கமிட்டிகள் என்று சட்டத்தில் இருப்பவை, பெயருக்கு அல்லாமல், மாதம் தவறாமல் வார்டுக்குள்ளேயே கூடவேண்டும். குடிசைப் பகுதியின் பெண் ஒருத்தி உள்ளே போய்ப் பேசிவிட்டு வரும்படி அது இருக்கவேண்டும்.

தமிழர்களின் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. 2015 மாநகராட்சித் தேர்தலில் நகரத்தின் வாக்காளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே ஓட்டுப் போட்டார்கள். இங்கே இருபது வருடமாகக் குடியிருந்தும் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சொந்த ஊரிலேயே வைத்திருப்பவர்கள் ஏராளம். தேர்தல் வந்தால் கிருஷ்ணகிரிக்கும் திருவண்ணாமலைக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஓட்டு ஆம்பூரில், குப்பை அல்சூரில். ஊர்ப் பாசம் தப்பில்லை. ஆனால் ஆம்பூர் கவுன்சிலர் அல்சூர் மோரியைத் தூர்வார வரமாட்டார். வாடகை வீடு மாறியவர்கள் எட்டாம் நம்பர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் பெயரைப் புதிய விலாசத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பதினெட்டு வயதான பிள்ளைகளுக்கு ஆறாம் நம்பர் படிவம். இரண்டுக்கும் கட்டணம் எதுவும் இல்லை.