தாளம் யோசிக்க விடவில்லையா?

கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த பிரேஸ் யுவர்செல்ஃப் கேம்ஸ் 2015 ஏப்ரலில் வெளியிட்ட ‘கிரிப்ட் ஆஃப் தி நெக்ரோடான்சர்’ வீடியோ கேமைப் பற்றிப் பேச்செடுத்தால், விளையாடியவர்கள் இன்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். கேடன்ஸ் என்ற பெண் நிலவறைக்குள் இறங்குகிறாள். எதிர்ப்படும் ஜந்துக்களை அடித்து, காசு பொறுக்கி, அடுத்த தளத்துக்குப் போகிறாள். இதுவரை பழகிய கதைதான். ஆனால் அவள் வைக்கும் ஒவ்வோர் அடியும் பின்னணி இசையின் தாளத்தில் விழ வேண்டும். தவறினால் அந்த அடி செல்லாது. எதிரி மட்டும் தன் அடியை வைத்துவிடும். ‘யோசித்து ஆட வேண்டிய கேமில் யோசிக்கவே விடமாட்டேன் என்கிறார்களே’ என்பது ஒரு கட்சியின் புகார். தாளத்தை எடுத்துவிட்டால் இதில் என்ன மிஞ்சும் என்று கேட்கிறது மற்ற கட்சி. புகார் சொல்பவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் யோசிக்க இதில் வேண்டிய அளவு நேரம் இருக்கிறது; அது சண்டைக்கு முன்பே வந்து போய்விடுகிறது, அவ்வளவுதான்.

இந்த வகை கேம்களுக்கு மூலம் 1980-இல் வந்த ‘ரோக்’. ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும் நிலவறை, செத்தால் முதலிலிருந்து தொடக்கம், ஒரு நகர்த்தலுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் சலுகை ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த வழியில் வந்தவற்றையே ‘ரோக்லைக்’ என்கிறார்கள். இந்தக் குடும்பத்துக்கு ஒரு பழைய நோய் உண்டு. செத்தவருக்குத் தாம் தவறினோமா, அதிர்ஷ்டம் கைவிட்டதா என்பதே தெரியாது. ஆட்டக்காரரின் திறமை முடிவைத் தீர்மானிக்கும் ரோக்லைக் ஒன்றை உருவாக்க நினைத்து, நகர்த்தலுக்கான நேரத்தைச் சுருக்கிப் பார்த்ததில்தான் இசையோடு சேர்த்து ஆடும் எண்ணம் பிறந்தது என்று இதன் வடிவமைப்பாளர் ரையன் கிளார்க் சொல்லியிருக்கிறார். ஆகவே டேனி பரனோவ்ஸ்கியின் இசையை மேலே பூசிய அலங்காரமாகப் பார்ப்பது தவறு. விதி முதலில் வந்தது, பாட்டு அதைத் தொடர்ந்து வந்தது.

முதல் தளத்தின் பாட்டு நிமிடத்துக்கு 115 தட்டு வேகத்தில் ஓடுகிறது. ஓர் அடிக்கு அரை விநாடிக்குச் சற்று அதிகம். அதற்குள் யாராலும் கணக்குப் போட முடியாது, போடவும் தேவையில்லை. பச்சைக் கூழ்ப் பிராணி இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருக்கும்; தானாக வந்து தாக்காது. நீலம் மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம் என்று ஒரு தட்டு விட்டு ஒரு தட்டு நகரும். வெள்ளை எலும்புக்கூடு நகர்வதற்கு முந்தைய தட்டில் கைகளைத் தூக்கிக் காட்டிவிடும். கை உயர்ந்ததைப் பார்த்தவருக்கு அடுத்த தட்டில் எங்கே நிற்கக்கூடாது என்பது தெரியும். வௌவால் மட்டும் மனம்போன போக்கில் பறக்கும். புதியவர்கள் அதனிடம் தடுமாறுவதில் வியப்பில்லை. கச்சேரியும் இப்படித்தான்: மேடையில் கோர்வை வாசிக்கும் மிருதங்க வித்வான் அந்த நேரத்தில் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. கணக்கெல்லாம் வீட்டில் முடிந்துவிட்டது. அந்த வீட்டுச் சாதகத்துக்கு இங்கே தனி இடமே இருக்கிறது: நிலவறைக்கு வெளியே, ஏற்கெனவே சந்தித்த எதிரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதனோடு மட்டும் மோதிப் பழகலாம். யோசனைக்கு இடமில்லை என்பவர்கள் ‘டீப் ப்ளூஸ்’ என்ற பெரிய எதிரியையும் கணக்கில் எடுக்க வேண்டும். எதிரே வருவது ஒரு சதுரங்கப் படை. குதிரை குதிரையாகவும் மந்திரி மந்திரியாகவும்தான் நகரும்.

அதிர்ஷ்டம்தான் எல்லாம், நல்ல ஆயுதம் கிடைத்தால் வெற்றி, இல்லையேல் சாவு என்று இன்னொரு குற்றச்சாட்டு. பெட்டியில் என்ன கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம்தான்; மறுப்பதற்கில்லை. ஆனால் இதில் தினசரிப் போட்டி ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஆடும் எல்லோருக்கும் ஒரே நிலவறை, ஆளுக்கு ஒரே வாய்ப்பு. பெட்டிகளும் எதிரிகளும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்போது ஸ்கோரில் வரும் ஏற்றத்தாழ்வு யாருடையது? தட்டு தவறாமலும் அடி வாங்காமலும் எதிரிகளை வீழ்த்தினால் காசு பெருகும் என்ற விதியும் கையிருப்பை ஆட்டக்காரரின் நிதானத்தோடு கட்டிப்போடுகிறது. பாட்டு முடிந்தால் தரை திறந்து அடுத்த தளத்தில் தள்ளிவிடும் என்பதால், மூலையில் ஒதுங்கி நிற்பவருக்கும் இடமில்லை.

எனக்குப் பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் வேறொன்று. தாளம் எல்லோருக்கும் கைவருவதில்லை. கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கும் உதவும்படி திரையின் கீழே ஓர் இதயம் துடிக்கிறது, கோடுகள் இருபுறமும் அதை நோக்கி வருகின்றன. ஆனால் கண்ணால் பிடிப்பதும் காதால் பிடிப்பதும் ஒன்றல்ல. டிவியும் ப்ளூடூத் ஹெட்போனும் ஒலியைத் தாமதப்படுத்தினால், சரியாக ஆடுபவரும் தவறியவராகிவிடுவார். தாமதத்தைச் சரிசெய்யும் வசதி கேமிலேயே இருந்தும் பலர் அந்தப் பக்கம் போவதில்லை, ‘கண்ட்ரோல் சரியில்லை’ என்று விலகிவிடுகிறார்கள். இவர்களுக்கெல்லாம் கேமே கொடுக்கும் பதில் பார்ட் என்ற பாத்திரம். அவனுக்குத் தாளக் கட்டுப்பாடு கிடையாது. அவன் நகர்ந்தால்தான் எதிரி நகரும். அதே எலும்புக்கூடுதான், அதே கை தூக்கல்தான். பார்டாக ஆடிக் கற்ற எதையும் கேடன்ஸாக ஆடும்போது மறக்க வேண்டியதில்லை. தாளம் வந்தாலும் போனாலும் புதிரில் மாற்றமில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். இதே நிறுவனம் 2019-இல் நின்டெண்டோவுக்காகச் செய்த ‘கேடன்ஸ் ஆஃப் ஹைரூல்’ கேமிலும் தாளத்தைத் தளர்த்தி ஆடும் வழி இருக்கிறது. பார்டை எடுப்பவர்களைப் ‘பாதி ஆட்டக்காரர்கள்’ என்று நெடுநாள் ஆடியவர்கள் கேலி செய்வது வெறும் ஜம்பம்.

ஜம்பம் கேமுக்குள்ளும் இருக்கிறது. கோடா என்ற பாத்திரத்துக்கு இரட்டை வேகம். ஒரு தட்டு தவறினாலும் சாவு, காசைத் தொட்டாலும் சாவு. இதை முடித்தவர்கள் உண்டு, அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அது ஒரு சிலருக்கான வித்தை. அதைக் காட்டி மொத்த கேமையும் கொடூரம் என்று தீர்ப்பெழுதுவது சரியல்ல. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் ப்ளூடூத்தைக் கழற்றிவைத்து, தாமத அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். அப்போதும் கை ஒத்துழைக்கவில்லை என்றால் வெட்கப்படாமல் பார்டை எடுங்கள்.