சுவரில் ஒரு சதுரங்கம்

கடை வாசல்களில் கிரிக்கெட் வீரர்களின் பளபளப்பான போஸ்டர்கள் தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், பிள்ளைகளின் படுக்கையறைச் சுவரைக் கடைக்காரரிடமே ஒப்படைத்துவிட்டோமே என்று வருத்தமாக இருக்கிறது. ஸ்போர்ட்ஸ்டார் இதழின் நடுப்பக்கப் படத்துக்காக ஒரு தலைமுறை காத்திருந்தது. பின்னை மெல்ல நிமிர்த்தி, கிழியாமல் எடுப்பதிலேயே பாதி மகிழ்ச்சி. இன்றைய பிள்ளைக்கு நான் சொல்வது அதைவிட எளியது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் சதுரங்க உலக சாம்பியனானாரே, அந்த 14-வது ஆட்டம் 58 நகர்த்தலில் முடிந்தபோது பலகையில் மிஞ்சியவை இரண்டு ராஜாக்களும் சில சிப்பாய்களும்தான். அந்தக் கடைசி நிலையை வீட்டிலேயே செய்து சுவரில் மாட்டிவிடலாம். கறுப்பு சார்ட்டில் 5 செ.மீ. சதுரங்களாக 32 துண்டுகள் வெட்டி வெள்ளை சார்ட்டில் ஒட்டினால் பலகை தயார். வலது கீழ்மூலைக் கட்டம் மட்டும் வெள்ளையாக இருக்க வேண்டும். இது மாறினால் ஆட்டம் தெரிந்தவர் கண் பொறுக்காது. அதன்மேல் அந்த ராஜாக்களையும் சிப்பாய்களையும் வரைந்து ஒட்டிவிட வேண்டியதுதான். வாடகை வீடென்றால் ஆணி அடிக்க விடமாட்டார்கள், டேப் பெயின்ட்டை உரித்துக்கொண்டு வரும். பழைய காலண்டர் ஆணியிலேயே நூல் கட்டித் தொங்கவிடலாம். வீரரின் முகத்தைவிட அவர் ஆடிய ஆட்டத்தை மாட்டுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. 55-வது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையை வேறெங்கே வைத்திருந்தால் தப்பியிருப்பார் என்று அந்தப் பிள்ளை என்றாவது ஒருநாள் தேடிப் பார்க்கும்.